குவாண்டம் கணினியின் மீக்கடத்திப் பெருக்கி: 20 டிபி போதும் என்றால், இனி எதை மேம்படுத்துவது?

செந்தில், ஜூரோங் வெஸ்ட்

வணக்கம். கைப்பேசித் தள நிலையங்களுக்கான பெருக்கிகளைச் சோதிப்பது என் வேலை. இரைச்சல் எண், பெருக்கம், ஒரு டிபி அமுக்கப் புள்ளி, இவற்றோடுதான் நாள் போகிறது. அக்கா மகள் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறாள். திட்டப்பணிக்கு, மீக்கடத்திக் கியூபிட்டுகளை (மின்தடையே இல்லாத உலோகத்தில் செய்த, குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகுகளை) வாசிக்கும் பெருக்கி ஒன்றை அளக்கும் வேலை கிடைத்திருக்கிறது. "மாமா, இது உங்க லைன்தானே" என்று வரைபடங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

பார்த்தேன். பெருக்கம் 20 டிபி, அதாவது திறனில் நூறு மடங்கு. பட்டை அகலம் சில பத்து மெகாஹெர்ட்ஸ். உள்ளீடு மைனஸ் 110 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு) ஆனதுமே பெருக்கி அமுங்கத் தொடங்குகிறது, அதாவது பெருக்கம் குறைகிறது. எங்கள் துறையில் மைனஸ் 110 என்பது ஏற்பி தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய மெலிந்த சமிக்ஞை. இங்கே அதுவே பெருக்கிக்குத் தாங்காத சுமை. இன்னொரு பக்கம், இரைச்சலில் இது இயற்கை அனுமதிக்கும் எல்லையை ஏறக்குறையத் தொட்டுவிட்டது என்று அவளுடைய வழிகாட்டி சொன்னாராம்.

எனக்கு இரண்டு கேள்விகள். நல்ல டிரான்சிஸ்டர் பெருக்கி ஒன்றை நன்றாகக் குளிரவைத்துப் பயன்படுத்தினால் என்ன? அப்புறம், எல்லையைத் தொட்டாகிவிட்டது என்றால் மேம்படுத்த இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது? பெருக்கத்தை 30 டிபிக்கு ஏற்றுவதா? அவளுக்குச் சில மாதங்கள்தான் இருக்கின்றன. எந்தப் பக்கம் உழைத்தால் பலன் கிடைக்கும் என்று, கையால் செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வாணி, கிளமெண்டி

செந்தில் அண்ணே, நான் கென்ட் ரிட்ஜ் பக்கம் ஒரு குளிர்நிலை ஆய்வகத்தில் இந்த வகைப் பெருக்கிகளோடுதான் வேலை செய்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு எனக்கு உறுதியான பதில் இருக்கிறது. முதல் கேள்வியைத் தாண்டித்தான் அங்கே போக முடியும்.

கியூபிட்டின் நிலையை நேரடியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் 7 கிகாஹெர்ட்ஸ் அளவில் ஓர் ஒத்ததிர்வி (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் வலுவாக அதிரும் சுற்று) இருக்கும். கியூபிட் 0 என்றால் அதன் அதிர்வெண் ஓரிடத்தில் நிற்கும், 1 என்றால் ஓரிரு மெகாஹெர்ட்ஸ் நகர்ந்திருக்கும். ஒரு நுண்ணலைத் துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் அலையின் கட்டம் (அலைச் சுழற்சியில் அது நிற்கும் இடம்) எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கிறோம்.

அந்தத் துடிப்பு எவ்வளவு மெல்லியது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒத்ததிர்விக்குள் சராசரியாக 5 ஃபோட்டான்கள், அதன் வரிஅகலம் (அவை எவ்வளவு வேகமாக வெளியேறும் என்பதைக் குறிக்கும் அளவு) 2 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். வெளியே வருவது விநாடிக்குச் சுமார் 6 கோடி ஃபோட்டான்கள், அதாவது ஏறக்குறைய மைனஸ் 125 டிபிஎம். அரை மைக்ரோவிநாடி வாசித்தால் மொத்தம் முப்பது ஃபோட்டான்கள்தான் கைக்கு வரும். 0 அல்லது 1 என்ற முடிவை அந்த முப்பதை வைத்து எடுக்க வேண்டும். துடிப்பைப் பெரிதாக்கலாமே என்று தோன்றும். ஓரளவுக்கு மேல் ஃபோட்டான்களைக் கூட்டினால் கியூபிட் 0, 1 இரண்டையும் விட்டு மேல் நிலைகளுக்குத் தாவிவிடும். வாசிக்கப்போன விடையை வாசிப்பே கெடுத்துவிடும். நேரத்தையும் நீட்ட முடியாது. கியூபிட் தன் நிலையைத் தாங்கி நிற்பது சில பத்து, சில நூறு மைக்ரோவிநாடிகள்தான். பிழைதிருத்தம் என்று வந்தால் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும், ஒவ்வொரு வாசிப்பும் ஒரு மைக்ரோவிநாடிக்குள் முடிய வேண்டும்.

இப்போது டிரான்சிஸ்டர் பெருக்கிக்கு வருவோம். 4 கெல்வினில் வைக்கும் ஹெம்ட் என்ற டிரான்சிஸ்டர் வகைப் பெருக்கியின் இரைச்சல் வெப்பநிலை (இரைச்சலை வெப்பநிலையாகச் சொல்லும் அளவு) 2 கெல்வின் அளவில் இருக்கும். உங்கள் துறைக்கு அது கனவு எண். ஆனால் 7 கிகாஹெர்ட்ஸில் ஒரு ஃபோட்டான் என்பது 0.34 கெல்வினுக்குச் சமம். ஆக, பெருக்கி மட்டுமே 6 ஃபோட்டான் இரைச்சல் சேர்க்கிறது. அதுவரை வரும் கம்பியின் இழப்பையும் சேர்த்தால் பத்தை எட்டிவிடும். இன்னும் குளிரவைக்கலாமே என்றால், அது சில மில்லிவாட் வெப்பம் கக்கும் சாதனம். கியூபிட்டுகளைக் குளிர்விக்கும் டைலூஷன் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் 20 மில்லிகெல்வினில் நமக்குக் கிடைக்கும் குளிர்விக்கும் திறன் பத்து இருபது மைக்ரோவாட்தான். அங்கே கொண்டுபோய் வைத்தால் ஃபிரிட்ஜே சூடாகிவிடும்.

உங்கள் மருமகள் அளப்பது போன்ற, ஜோசப்சன் சந்தியை வைத்துச் செய்யும் பெருக்கியில் மின்தடை என்று எதுவும் இல்லை. இரண்டு அலுமினியப் படலங்களுக்கு நடுவே ஒரு நானோமீட்டர் அளவில் ஆக்சைடு, அவ்வளவுதான். 1962-ல் பிரையன் ஜோசப்சன் கணித்தபடி, மின்னோட்டத்துக்கு ஏற்ப இதன் தூண்டம் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) மாறும். வலுவான பம்ப் அலை ஒன்றை உள்ளே விட்டால் தூண்டம் அந்தத் தாளத்தில் ஆடும். பம்பின் ஆற்றல் சமிக்ஞைக்கு மாறும். கூடவே, துணை அலை ஒன்றும் பிறக்கும். அந்தத் துணை அலையின் அதிர்வெண்ணில் எதுவுமே இல்லாவிட்டாலும் வெற்றிடத்தின் அசைவு அரை ஃபோட்டான் இருக்கும், அது பெருகி நம் சமிக்ஞையோடு கலந்துவிடும். கட்டத்தைக் காப்பாற்றும் எந்தப் பெருக்கியும் அரை ஃபோட்டானுக்குக் குறையாமல் இரைச்சல் சேர்த்தே தீரும் என்று 1982-ல் கார்ல்டன் கேவ்ஸ் காட்டினார். உங்கள் மருமகளின் வழிகாட்டி சொன்ன எல்லை இதுதான்.

சரி, இனி என்ன மிச்சம்? பெருக்கிகளின் சங்கிலியை உங்கள் கண்ணால் பாருங்கள். முதலில் வரும் ஜோசப்சன் பெருக்கியின் பெருக்கம் 20 டிபி என்றால், அதற்குப் பின்னால் 4 கெல்வினில் இரண்டாவதாக இருக்கும் ஹெம்டின் 10 ஃபோட்டான் இரைச்சல் நூறில் ஒன்றாகி 0.1 ஆகிவிடும். 30 டிபி ஆக்கினால் 0.01. மிச்சமாவது 0.09 ஃபோட்டான். கியூபிட்டுக்கும் பெருக்கிக்கும் நடுவே 3 டிபி இழப்பு இருந்தால்? பாதி ஃபோட்டான்கள் வழியிலேயே போய்விட்டன. எல்லையைத் தொட்ட பெருக்கியானாலும், கியூபிட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் மொத்த இரைச்சல் ஒரு ஃபோட்டானிலிருந்து (சமிக்ஞையோடு வரும் வெற்றிட அரை, பெருக்கி சேர்க்கும் அரை) இரண்டாகிவிடும். ஒரு பக்கம் 0.09, இன்னொரு பக்கம் முழுசாக 1. அந்த 3 டிபி எங்கே போகிறது தெரியுமா? அலையை ஒரே திசையில் மட்டும் போகவிடும் சர்க்குலேட்டர் ஒன்றுக்கு 0.2, 0.3 டிபி. அதில் இரண்டு மூன்று வரிசையாக இருக்கும். பிறகு இணைப்பிகள், இடையிலே கம்பி, சில்லை வைக்கும் பெட்டி, பம்பை உள்ளே விடும் கப்லர். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தின்னும்.

குறைந்த இரைச்சல் பெருக்கியை ஆண்டெனாவுக்கு ஒட்டி வைக்கச் சொல்லி உங்கள் துறையில் பாடம் எடுப்பார்களே, அதே பாடம்தான். தகவல் ஒருமுறை வெப்பமாகப் போய்விட்டால் பிறகு எத்தனை டிபி போட்டுப் பெருக்கினாலும் திரும்ப வராது. எனவே என் பதில்: பெருக்கத்தைத் துரத்த வேண்டாம், அதற்கு முன்னால் இருக்கும் இழப்பைத் துரத்தச் சொல்லுங்கள். அடுத்தது, அமுங்காமல் எவ்வளவு தாங்கும் என்பது. அதைப் பற்றி நாளை எழுதுகிறேன், இப்போது ஆய்வகத்துக்குக் கிளம்ப வேண்டும்.

இராமநாதன், தோ பாயோ

வாணியின் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன், மனதுக்கு நிறைவாக இருந்தது. நான் எழுபதுகளில் செயற்கைக்கோள் தரை நிலைய வேலையில் இருந்தவன். செந்தோசாவில் நம் சிங்கப்பூரின் முதல் தரை நிலையம் 1971-ல் திறந்தபோது வேலைக்கு வந்த தலைமுறை. அந்தக் காலத்துத் தரை நிலையங்களில் முதல் கட்டப் பெருக்கி எது தெரியுமா? பாராமெட்ரிக் பெருக்கிதான். ஜோசப்சன் சந்தி இருக்கும் இடத்தில், மின்னழுத்தத்துக்கு ஏற்ப மின்தேக்கம் மாறும் வேரக்டர் டயோடு. தூண்டத்துக்குப் பதில் மின்தேக்கம் ஆடும். ஹீலியம் வாயுவில் ஓடும் குளிர்விப்பான் வைத்துச் சுமார் 20 கெல்வினுக்கு இறக்கிய வகைகளும் இருந்தன. பிறகு காலியம் ஆர்சனைடு டிரான்சிஸ்டர்கள் நன்றாக வந்ததும் இவையெல்லாம் மெல்ல ஒதுங்கின. அதே கொள்கை இத்தனை ஆண்டு கழித்து, இன்னும் ஆயிரம் மடங்கு குளிரான இடத்தில் மறுபடி முதல் வரிசைக்கு வந்திருப்பதைப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது.

தம்பி செந்திலுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த வகைப் பெருக்கியில் எங்களை அதிகம் படுத்தியது பம்ப். பம்பின் திறன் துளி ஆடினாலும் பெருக்கம் கூடவே ஆடும். காலையில் சரிசெய்தது மாலையில் அப்படியே இருக்காது. வாணியிடம் என் கேள்வி: உங்கள் பம்ப் சமிக்ஞையின் அதிர்வெண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தால், அது பின்னோக்கிக் கசிந்து கியூபிட்டைத் தொடாதா?

ஃபைசல், தெம்பனிஸ்

இழப்பு பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாங்கும் திறனை இரண்டாம் இடத்தில் வைத்தது சரியா என்று யோசிக்கிறேன். கியூபிட்டுக்கு ஒரு பெருக்கி, ஒரு ஹெம்ட், ஒரு கம்பி என்று போனால் ஆயிரம் கியூபிட்டுக்கு எந்த ஃபிரிட்ஜும் போதாது. ஒரே தடத்தில் பலவற்றை வெவ்வேறு அதிர்வெண்ணில் சேர்த்து வாசிக்கத்தான் வேண்டும். கூகுள் 2019-ல் காட்டிய சைக்கமோர் சில்லிலேயே ஒரு தடத்துக்கு ஆறு கியூபிட். ஆறு சமிக்ஞைகளின் உச்சங்கள் ஒரே கணத்தில் கூடினால் செந்தில் சொன்ன மைனஸ் 110 பக்கத்தில் வந்து நிற்கும். அப்போது ஒரு கியூபிட்டின் விடை இன்னொன்றின் விடையைப் பொறுத்து மாறத் தொடங்கும்.

ஜோசப்சன் சந்தியை விட்டுவிட்டு நயோபியம் டைட்டானியம் நைட்ரைடு கம்பித்தடத்தின் இயக்கத் தூண்டத்தை (மின்னோட்டத் துகள்களின் நிலைமத்தால் வரும் தூண்டத்தை) வைத்துச் செய்யும் அலையோட்டப் பெருக்கிகளை (ஒத்ததிர்வி இல்லாமல், நீளமான தடத்தில் ஓடும்போதே அலையைப் பெருக்குபவை) பற்றி என்ன நினைக்கிறீர்கள்? கால்டெக், ஜெட் உந்து ஆய்வகம் சேர்ந்து 2012-ல் காட்டினார்கள். தாங்கும் திறன் ஜோசப்சன் வகையைவிடப் பல ஆயிரம் மடங்கு. காந்தப்புலத்திலும் வேலை செய்யும்.

வாணி, கிளமெண்டி

இராமநாதன் ஐயா, உங்கள் கேள்வி நேராக நடுப்புள்ளிக்கு வந்துவிட்டது. கசியும். அதனால்தான் அந்தச் சர்க்குலேட்டர்களே. அவற்றை எடுத்துவிட்டால் இழப்பு குறையும், ஆனால் பம்பும் ஹெம்டின் இரைச்சலும் கியூபிட்டை நோக்கித் திரும்பி வரும். வைத்தால் இழப்பு, எடுத்தால் கசிவு. இந்தத் துறையின் இன்றைய உழைப்பில் பெரும்பகுதி இந்த முடிச்சை அவிழ்ப்பதில்தான் போகிறது. சர்க்குலேட்டருக்குள் ஃபெரைட்டும் காந்தமும் இருக்கின்றன, அதைச் சில்லின் மேலேயே அச்சிட முடியாது. அளவும் பெரிது. ஒவ்வொரு தடத்துக்கும் மூன்று வைத்தால் ஃபிரிட்ஜின் அடித்தட்டு இவற்றாலேயே நிறைந்துவிடும்.

ஒரு வழி, பம்பைச் சமிக்ஞையிலிருந்து வெகுதூரம் தள்ளுவது. இரண்டு பம்ப் ஃபோட்டான்கள் சேர்ந்து சமிக்ஞையும் துணை அலையுமாகப் பிரியும் நான்கு அலைக் கலப்பில் பம்ப் சமிக்ஞைக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஒரே பம்ப் ஃபோட்டான் பிரியும் மூன்று அலைக் கலப்பில் அது இரட்டிப்பு அதிர்வெண்ணில், 14 கிகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், சாதாரண வடிகட்டியே தடுத்துவிடும். காந்தப்பாயம் வழியாக இப்படிப் பம்ப் செய்வதை 2008-ல் ஜப்பானின் என்ஈசி ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2017-ல் யேல் குழு, மூன்று பெரிய சந்திகளையும் ஒரு சின்னச் சந்தியையும் வளையமாக்கி, நமக்கு வேண்டாத நான்காம் படி வினையைக் குறைத்து மூன்றாம் படி வினையை மட்டும் எடுத்துக்கொள்ள வழி கண்டது. இந்த ஏற்பாட்டில் தாங்கும் திறனும் கூடும். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. ஒரு சந்தியைத் திணறடிக்காமல் பல சந்திகள் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன.

பம்பின் ஆட்டத்துக்கு ஐயா சொன்ன வைத்தியம்தான் எங்களுக்கும்: நல்ல அலை மூலம், இடைவிடாத கண்காணிப்பு. பெருக்கம் 20 டிபியைத் தாண்டத் தாண்ட அது பம்பின் சிறு மாற்றத்துக்கும் துள்ளும். செந்தில் அண்ணே, 30 டிபி வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம். ஒத்ததிர்வி வகைப் பெருக்கியில் வீச்சுப் பெருக்கமும் பட்டை அகலமும் ஒன்றையொன்று தின்னும். 10 டிபி ஏற்றினால் பட்டை மூன்றில் ஒன்றாகச் சுருங்கும், அமுக்கமும் முன்னதாகவே வரும்.

ஃபைசல், எதை முதலில் வைப்பது என்பது எத்தனை கியூபிட் வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒன்றிரண்டு என்றால் இழப்பு, இருபது என்றால் நீங்கள் சொல்வது சரி. 2015-ல் பெர்க்லியும் எம்ஐடி லிங்கன் ஆய்வகமும் சேர்ந்து செய்த அலையோட்டப் பெருக்கியில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சந்திகள் வரிசையாக இருந்தன. சில கிகாஹெர்ட்ஸ் பட்டை, 20 கியூபிட்டுக்குப் போதுமான தாங்கும் திறன், 75 விழுக்காடு குவாண்டம் திறன் (இயற்கை அனுமதிக்கும் எல்லையோடு ஒப்பிட்ட பங்கு). மீதி 25 விழுக்காடு எங்கே என்பதுதான் சுவையான இடம். அலை அவ்வளவு நீளமான தடத்தில் போகும்போது மின்தேக்கிகளின் மின்காப்புப் பொருளில் கொஞ்சம் உறிஞ்சப்படும், இன்னும் கொஞ்சம் நமக்கு வேண்டாத அதிர்வெண்களுக்குச் சிதறும். பெருக்கிக்கு உள்ளேயே இழப்பு. அதனால் பொருளறிவியல் தெரிந்தவர்களுக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது.

நீங்கள் கேட்ட நைட்ரைடு வகை எனக்கும் நம்பிக்கை தருகிறது. அதற்குத் தேவையான பம்ப் திறன்தான் தடை. ஜோசப்சன் வகைக்கு வேண்டியதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலுவான பம்பை அடித்தட்டுக்குள் விட்டால் வெப்பமும் கசிவும் கூடவே வரும். சுழல் கியூபிட் (எலக்ட்ரானின் தற்சுழற்சியில் தகவலை வைக்கும் வகை) போல காந்தப்புலத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அது இன்றே பொருத்தம். எங்களைப் போன்றவர்களுக்கு, பம்ப் இன்னும் இறங்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 2025-ல் இயற்பியல் நோபல் பெற்ற ஜான் கிளார்க், மிஷேல் தெவொரே, ஜான் மார்ட்டினிஸ் மூவரும் எண்பதுகளில் பெர்க்லியில் ஒரே ஒரு ஜோசப்சன் சந்தியை வைத்துச் செய்த சோதனைகளுக்குத்தான் அந்தப் பரிசு. பின்னாளில் மூவரின் குழுக்களுமே பெருக்கிகளுக்கும் உழைத்தன. கிளார்க் ஸ்குவிட் (ஜோசப்சன் சந்திகளை வளையமாக்கிய கருவி) பெருக்கிகளில், தெவொரே யேலில், மார்ட்டினிஸ் குழு சான்டா பார்பராவில் பட்டையை அகலமாக்கிய வடிவத்தில். பெருக்கியை ஏதோ துணைக்கருவி என்று நினைக்கும் மாணவர்களுக்கு இதை நான் கட்டாயம் சொல்வேன்.

செந்தில், ஜூரோங் வெஸ்ட்

எல்லோருக்கும் நன்றி. அவளை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். இராமநாதன் ஐயா எழுதியதை மட்டும் அவளே இன்னொரு முறை படித்தாள். இழப்பை அளப்பது என்று முடிவு. ஆனால் எப்படி அளப்பது? அறை வெப்பநிலையில் நெட்வொர்க் அனலைசரை (நுண்ணலை இழப்பையும் பெருக்கத்தையும் அளக்கும் கருவியை) வைத்து அளந்தால் குளிரில் அந்த எண் மாறிவிடும். குளிரில் அளக்கலாம் என்றால், உள்ளே போகும் கம்பியின் தணிப்பும் வெளியே வரும் கம்பியின் பெருக்கமும் கலந்த ஒரே எண்தான் கிடைக்கும். எங்கள் மேசையில் கேலிபிரேஷன் கிட்டை (முன்பே தெரிந்த மதிப்புள்ள ஒப்பீட்டுச் சுமைகளை) மாட்டிவிடுவோம். 20 மில்லிகெல்வினில் யார் போய் மாட்டுவது?

வாணி, கிளமெண்டி

இதைக் கேட்டதிலேயே பாதித் திட்டப்பணி வந்துவிட்டது. இரண்டு வழிகள் சொல்கிறேன்.

ஒன்று உங்களுக்குப் பழக்கமானது. 50 ஓம் சுமை ஒன்றைச் சூடாக்கியும் குளிரவிட்டும் வெளியீட்டு இரைச்சலை ஒப்பிடும் ஒய் காரணி முறை. சுமையைச் சின்ன ஹீட்டரோடு தனித் தட்டில் வைத்து, குளிரிலேயே இயங்கும் சுவிட்ச் வழியாகப் பெருக்கிக்கு இணைக்க வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது: 7 கிகாஹெர்ட்ஸில் 0.3 கெல்வினுக்குக் கீழே இறங்க இறங்க, வெப்ப இரைச்சல் வெப்பநிலைக்கு நேர்விகிதமாகக் குறையாது, அரை ஃபோட்டானில் போய்த் தட்டையாகிவிடும். உங்கள் மேசையில் பயன்படுத்தும் வாய்பாட்டை அப்படியே போட்டால் பெருக்கி இருப்பதைவிட மோசமாகத் தெரியும். 50 மில்லிகெல்வினிலிருந்து 1 கெல்வின் வரை பல புள்ளிகள் எடுத்து வளைகோடாகப் பொருத்தச் சொல்லுங்கள். சுவிட்சிலிருந்து பெருக்கி வரைக்குமான இழப்பும் இந்த எண்ணுக்குள் அடங்கிவிடும் என்பதை அவள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கியூபிட்டையே அளவுகோலாக்குவது. ஒத்ததிர்விக்குள் ஃபோட்டான்கள் கூடக்கூட கியூபிட்டின் அதிர்வெண் ஒரு குறிப்பிட்ட அளவு நகரும். அந்த நகர்வை அளந்தால் உள்ளே எத்தனை ஃபோட்டான் என்று தெரிந்துவிடும், கம்பி எதையும் நம்ப வேண்டியதில்லை. பிறகு, மெல்லிய வாசிப்புத் துடிப்பு ஒன்று கியூபிட்டின் ஒத்திசைவை (0, 1 இரண்டும் கலந்த நிலையைத் தாங்கும் தன்மையை) எவ்வளவு கெடுக்கிறது, அதே துடிப்பு நமக்கு எவ்வளவு சமிக்ஞை இரைச்சல் விகிதத்தைத் தருகிறது, இரண்டையும் ஒப்பிட வேண்டும். கியூபிட் இழந்த ஒத்திசைவு முழுவதும் நமக்குத் தகவலாக வந்து சேர்ந்தால் திறன் 1. வராத பங்குதான் வழியில் போனது. கியூபிட்டிலிருந்து கணினித்திரை வரை மொத்தச் சங்கிலிக்கும் ஒரே எண். எனக்கு இதைவிட நேர்மையான அளவீடு வேறு தெரியவில்லை.

முதல் வழி பெருக்கியைப் பற்றிச் சொல்லும், இரண்டாவது முழு வழியையும் சொல்லும். இரண்டையும் செய்தால் வித்தியாசம்தான் கியூபிட்டுக்கும் சுவிட்சுக்கும் நடுவே இருக்கும் இழப்பு. அதற்குப் பிறகு ஒரு சர்க்குலேட்டரை எடுத்துவிட்டு மறுபடி அளக்கலாம், இணைப்பிகளைக் குறைத்து அளக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஃபிரிட்ஜைச் சூடாக்கித் திறந்து மறுபடி இறக்கச் சில நாள் பிடிக்கும், ஆகவே எதை முதலில் மாற்றுவது என்று வழிகாட்டியோடு உட்கார்ந்து வரிசை போட்டுக்கொள்ளட்டும். நம் ஊர் ஈரப்பதத்தில், உள்ளே எல்லாம் அறை வெப்பநிலைக்கு வரும்வரை கலனைத் திறக்கவே கூடாது. எடுத்த சில்லுகளை உடனே உலர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.

அவளிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: அவர்களுடைய ஃபிரிட்ஜில் குளிர் சுவிட்ச் ஏற்கெனவே மாட்டியிருக்கிறதா? இருந்தால் முதல் வழியை இந்த மாதமே தொடங்கிவிடலாம். இல்லையென்றால் கியூபிட் வழியிலிருந்து ஆரம்பிக்கட்டும், அதற்கு எதையும் திறக்க வேண்டியதில்லை.